கரிசல் மேல் கட்டிய வீடு

என் வீட்டின் தெற்குச் சுவரில், சன்னலின் கீழ்மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக இறங்கும் வெடிப்பின் குறுக்கே, விரல் அகலமுள்ள கண்ணாடித் துண்டு ஒன்று சிமெண்டுக் கலவையால் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் அருகில் பென்சிலால் ஒரு தேதி எழுதப்பட்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ ஒரு பக்தி முயற்சி என்று எண்ணிக்கொள்வதுண்டு. ஒரு மூதாட்டி, உள்ளே எந்தப் புனிதருடைய திருப்பண்டம் இருக்கிறது என்றே கேட்டுவிட்டார். திருப்பண்டம் ஒன்றும் இல்லை. சுவர் இன்னும் நகருகிறதா, நின்றுவிட்டதா என்று அறியப் பொறியாளர்கள் கையாளும் எளிய வழி அது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி விரிசல் கண்டுவிடும். காய்ச்சல்காரனின் நாவுக்கடியில் வைக்கும் வெப்பமானியைப் போன்றது என்று அந்த மூதாட்டிக்கு விளக்கினேன். அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை. போகும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார்.

33 ஆண்டுகள் கணக்கு கற்பித்து 2014-ஆம் ஆண்டு மே மாதம் ஓய்வு பெற்றவன் நான். கோவில்பட்டிக்கு மேற்கே, ஒரு காலத்தில் பருத்தி விளைந்த நிலத்தில் 5 சென்ட் வாங்கிப் போட்டிருந்தேன். ஓய்வூதியப் பணம் கைக்கு வந்ததும், மகள் திருமணத்திற்கு ஒரு பங்கும் வீட்டிற்கு ஒரு பங்குமாகப் பிரித்தேன். கட்டுவதற்கு ஒப்பந்தக்காரரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் பங்கிலேயே ஒருவர் இருந்தார். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். அவருடைய மூத்த மகனுக்கு நான் ஞானத்தந்தை. 1,100 சதுர அடி, சதுர அடிக்கு 1,400 ரூபாய் என்று பேசி முடித்தோம். எழுத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளலாமா என்று நான் இழுத்தபோது, “நமக்குள்ளே எதுக்கு சார் பத்திரம்?” என்றார். அந்தச் சொல் எனக்கு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். மாணவன் ஆசிரியனை ஏமாற்றுவானா என்ற நம்பிக்கையைவிட, பத்திரச் செலவு மிச்சம் என்ற எண்ணமே அப்போது முன்னே நின்றதோ என்று இப்போது ஐயுறுகிறேன்.

2015-ஆம் ஆண்டு மே முதல் நாள், உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளன்று, பங்குத்தந்தை வந்து வீட்டை மந்திரித்தார். தச்சரின் திருநாளில் புதுவீடு புகுவதைப் பெரும்பேறாகக் கருதினோம். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் எப்படிப் பெய்தது என்பதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் பகுதியில் சென்னையைப்போல் வெள்ளம் இல்லை. ஆனால் மண் நன்றாக ஊறியது. 2016 சனவரியில் பின்வாசல் கதவு சாத்த முடியாமல் நிலையில் இடித்தது. கதவு மரம்தான் ஈரத்தில் ஊதியிருக்கிறது என்று நினைத்து இழைப்புளி பிடித்தோம். கோடை வந்தபோது கதவு தானாகவே தளர்ந்தது. ஆனால் தெற்குச் சுவரில் நூல்போல் ஒரு கோடு தோன்றியது. 2016-இல் பருவமழை அடியோடு பொய்த்தது. அடுத்த பிப்ரவரியில் அந்தக் கோட்டுக்குள் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது.

கரிசலைப் பற்றி இவ்விடத்தில் சிறிது சொல்லியாக வேண்டும். அது நீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதிலுள்ள மாண்ட்மோரில்லொனைட்டு என்னும் களிமண் கனிமத்தின் இயல்பு அது. பருத்திக்கும் உளுந்துக்கும் தாயாக இருக்கும் அம்மண், மனிதன் கட்டும் சுவருக்கு மாற்றாந்தாய். கோடையில் எங்கள் காட்டு நிலங்களில் ஊன்றிய கைத்தடி உள்ளே போகும் அளவுக்குப் பிளவு விழும். அத்தகைய மண்ணின்மேல் மூன்றடிக் கடைக்கால் போட்ட வீடு, மழைக்காலத்தில் தூக்கப்படுவதும் கோடையில் இறக்கப்படுவதுமாக ஆண்டுதோறும் மூச்சு விடுகிறது. வீடு முழுவதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் கேடில்லை. ஒரு மூலை ஏற, மறு மூலை நிற்க, நடுவிலுள்ள சுவர் கிழிகிறது. இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1950-களிலேயே, அடியில் குடம்போல் அகன்ற கான்கிரீட்டுத் தூண்களைப் பதினோரு, பன்னிரண்டு அடி ஆழத்தில் இறக்கி, அவற்றின்மேல் வீட்டை நிறுத்தும் முறையை இந்தியக் கரிசலுக்கென்றே வகுத்துக் கொடுத்தது. ஊதிச் சுருங்கும் மேல்மண்ணைத் தாண்டி, அசையாத அடிமண்ணைத் தூண்கள் பற்றிக்கொள்ளும். பாறைமேல் கட்டியவனையும் மணல்மேல் கட்டியவனையும் மத்தேயு நமக்குக் காட்டுகிறார். அதே உவமையைச் சொல்லும் லூக்கா மட்டும், முதலாமவன் ஆழமாகத் தோண்டிய செய்தியைச் சேர்க்கிறார். எங்கள் ஊருக்குப் பொருந்துவது லூக்காவின் வீடுதான் என்று நான் கண்டுகொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின.

முதல் வெடிப்பைக் கண்டதும் ஒப்பந்தக்காரரை அழைத்தேன். உடனே வந்தார். “புது வீடுன்னா கொஞ்சம் உட்காரத்தான் சார் செய்யும்” என்றார். கொத்தனார் ஒருவர் வந்து வெடிப்பைக் கொத்திக் கலவை வைத்து அடைத்து வெள்ளையடித்துவிட்டுப் போனார். நான்கு மாதத்தில் மறுபடியும் திறந்தது. மறுபடியும் அடைத்தார்கள். மூன்றாம் முறை அடைத்தபோது எசேக்கியேலின் பதின்மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. நலிந்த சுவருக்கு வெள்ளை பூசி, நலமே என்று சொல்லித் தேற்றும் போலி இறைவாக்கினர்களை அங்கே இறைவாக்கினர் சாடுகிறார். அந்தச் சுவர் அவருக்கு உவமை. எனக்கு அது என் படுக்கையறையிலேயே நின்றுகொண்டிருந்தது.

நான்காம் முறை அழைத்தபோது அவர் வரவில்லை. தொலைபேசியை எடுப்பதும் நின்றது.

இதற்குப் பிறகு நடந்தவற்றுள் என்னை இன்றும் கூசச் செய்வது வீட்டிலன்று, கோவிலில் நிகழ்ந்தது. ஞாயிறு திருப்பலியில் அவர் குடும்பம் எங்களுக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி அமர்வது வழக்கம். சமாதானம் பகிர்ந்துகொள்ளக் குருவானவர் அழைக்கும்போது எல்லாரும் திரும்பிக் கைகுவிப்பார்கள். ஓராண்டுக் காலம், அந்தக் கணம் வருகையில் நான் பின்பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்வரிசையிலிருந்தவர்கள் என்னை மிகுந்த பிரியமுள்ளவன் என்று நினைத்திருக்கக்கூடும். என் ஞானமகன், அப்போது பதினொன்றாம் வகுப்புப் படித்த பிள்ளை, ஒருமுறை என் முகத்தையே பார்த்துக் குவித்த கையோடு காத்திருந்தான். நான் அவனையும் பார்க்கவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுச் சகோதரனிடம் முதலில் போகச் சொன்ன ஆண்டவரின் கட்டளை எனக்குத் தெரியாததன்று. கணக்கோடு மறைக்கல்வியும் கற்பித்தவன் நான்.

வழக்குத் தொடரப் போகிறேன் என்று 2017-ஆம் ஆண்டின் நடுவில் வாய்விட்டேன். பங்குப் பேரவையைச் சேர்ந்த பெரியவர்கள் வந்தார்கள். “நம்ம ஆட்களுக்குள்ளேயா வழக்கு?” என்று கேட்டார்கள். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தைக் காட்டினார்கள். சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைவிட இழப்பைத் தாங்கிக்கொள்வதே மேலன்றோ என்று அங்கே அவர் கேட்கிறார். அவர்கள் போன பின் அந்தப் பகுதியை முழுவதுமாகப் படித்தேன். இழப்பைத் தாங்கச் சொல்லும் ஏழாம் வசனத்திற்கு முன், ஐந்தாம் வசனத்தில், சகோதரர்களின் வழக்கைத் தீர்க்கக்கூடிய அறிவாளி ஒருவர்கூட உங்களிடையே இல்லையா என்று பவுல் அச்சபையைப் பார்த்துக் கேட்கிறார். எட்டாம் வசனத்தில், அநீதி செய்து வஞ்சிக்கிறவர்கள் நீங்களே என்று சாடுகிறார். நம் பங்குகளில் ஐந்தையும் எட்டையும் விட்டுவிட்டு, ஏழை மட்டும் படிக்கிறோம். அதையும் இழந்தவனிடமே படித்துக் காட்டுகிறோம். சுவர் வெடித்தவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல நாலு பேர் வந்தார்கள். கட்டினவரிடம் போய், என்ன தம்பி செய்தாய் என்று கேட்க ஒருவரும் போகவில்லை.

தூத்துக்குடியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். என் நிலைமை சட்டத்தின் கண்ணில் எத்தகையது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். வீடு கட்டிக் கொடுப்பதும் நுகர்வோர் சட்டத்தின் பொருளில் ஒரு சேவையே என்று 1993-இல் லக்னோ வளர்ச்சிக் குழுமம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டத்திலும் அவ்வாண்டிலேயே அச்சொல் சேர்க்கப்பட்டது. ஆகவே குறைபாடுள்ள வேலைக்கு இழப்பீடு கேட்க நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். பத்திரம் இல்லாவிட்டாலும், வங்கி வழியே பணம் கொடுத்த சான்று போதும். ஆனால் குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருக்கிறது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை காணப்பட்டு, அதை எடுத்துச் சொன்னால், 30 நாளில் தம் செலவிலேயே சீர்செய்து தருவது கட்டியவரின் கடமை என்று அது விதிக்கிறது. சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டிய என்போன்றோரை அது தொடுவதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கதையின் முடிவைப் படித்துவிட்டு, அடுக்குமாடியில் பணம் கட்டி ஏமாந்த யாரும் தம் வழக்கைத் திரும்பப் பெற்றுவிட வேண்டாம். 2014 சூன் 28-ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள் அவர்களில் பலர். பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாமல், அதனால் ஒருவன் விழுந்து இறந்தால், இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் என்று இணைச்சட்டம் இருபத்திரண்டாம் அதிகாரம் சொல்கிறது. கட்டடத்தின் குறையைக் கடவுள் கொலையோடு சேர்த்து எண்ணுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டியதில்லை. பேச வராத கட்டுநரிடம் பேச்சுவார்த்தை என்று காலத்தைக் கடத்துவது சமாதானமாகாது.

மனு எழுத வழக்கறிஞர் சான்றுகள் கேட்டார். வங்கிப் புத்தகம், சிமெண்டுச் சீட்டுகள், வெடிப்புகளின் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்தேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. எந்தெந்த நாளில் எவ்வளவு கொடுத்தேன் என்று பார்க்க 2014-ஆம் ஆண்டுக் குறிப்பைப் புரட்டினேன். சூலை 11-ஆம் நாள் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இவ்வாறு இருந்தது: மண்ணைப் பார்த்தான், தூண் அடித்தளம்தான் சரி என்கிறான், 1,75,000 கூடுதலாம், முடியாது என்றேன், அப்படியானால் ஐந்தடி ஆழமும் ஆற்று மணல் நிரப்பலும் வேண்டும் என்றான், சரி என்றேன், கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று.

அந்தப் பக்கத்தை நான் நான்கைந்து முறை படித்திருப்பேன். யாரைக் கண்டாலும், ஒன்றும் தெரியாதவனிடம் வேலையைக் கொடுத்துக் கெட்டேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். சொல்லும்போது பொய் சொல்வதாக எனக்குத் தோன்றியதே இல்லை. கோபம் நினைவிலிருந்து வேண்டாத பக்கங்களைத் தானே கிழித்துவிடும் போலும். வழக்கறிஞரிடம் நாட்குறிப்பைக் காட்டினேன். அவர் நல்லவர், தொழில் தெரிந்தவர். “இதை நாமாகக் கொடுக்க வேண்டியதில்லை சார். தொகைகளை மட்டும் தனித்தாளில் எழுதித் தாருங்கள்” என்றார். அன்றைய பேருந்துப் பயணம் முழுவதும் நாட்குறிப்பு என் மடியில் இருந்தது. கிழிப்பதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. கிழித்தால் என் கட்சி பலமாகும். ஐந்தடி ஆழமும் ஆற்று மணலும் என்று அவர் ஒப்புக்கொண்டதற்கான ஒரே எழுத்துச் சான்றும் அதிலேதான் இருந்தது. அநீதியும் நீதியும் ஒரே தாளில், ஒரே மையில்.

வழக்கறிஞரின் அறிவிப்புக் கடிதம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்றார். “என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டீங்களே சார்” என்றார். நான் உள்ளே போய் நாட்குறிப்பைக் கொண்டுவந்து விளக்கின்கீழ் விரித்துக் காட்டினேன். படித்தார். மனம் மாறிக் கண்ணீர் விட்டார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், அப்படி நடக்கவில்லை. “அன்னைக்கே நான் சொன்னேனா இல்லையா?” என்று குரலை உயர்த்தினார். ஐந்தடி தோண்டினாயா என்று கேட்டேன். “சத்தியமா அஞ்சடி” என்றார். அப்படியானால் தோண்டிப் பார்ப்போம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பங்குத்தந்தையிடம் போய்ப் பவுலடியாரின் ஐந்தாம் வசனத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் ஒரு வாரத்தில் ஆள் பிடித்துத் தந்தார். வேறு பங்கைச் சேர்ந்த, பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டு: இருவரும் அவர் சொல்லும் தொகையை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும், இரண்டாண்டுக் கெடு முடியும் 2018 சனவரிக்குள் அது முடியாவிட்டால் நான் வழக்குக்குப் போவதைப் பங்கில் யாரும் குறை சொல்லக் கூடாது.

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை தெற்குச் சுவரை ஒட்டிக் குழி தோண்டினார்கள். கடைக்காலின் அடி தெரிந்ததும் பொறியாளர் அளவுநாடாவை இறக்கினார். 3 அடி 7 அங்குலம். தரைக்கடியில் நிரப்பியிருந்ததும் ஆற்று மணலன்று. தோண்டியெடுத்த கரிசலையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் குழிக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். அவரிடம் வேலை செய்யும் ஆட்களும் சுற்றி நின்றார்கள். யாரும் பேசவில்லை. பின்பு கிழக்கே ஒரு குழி தோண்டப்பட்டது. நாடா 5 அடி காட்டியது. “இந்தப் பக்கம் அஞ்சு இருக்கு சார்” என்றார் அவர். பரீட்சையில் தவறான விடைகளுக்கிடையே சரியான ஒரு வரிக்கு மதிப்பெண் கேட்கும் பையனின் குரல் அது. எனக்கு மிகவும் பழக்கமான குரல். தெற்குப் பக்கம் தோண்டிய வாரத்தில் மண்ணள்ளும் எந்திரம் வேறு வேலைக்குப் போய்விட்டது என்றும், மணல் லோடு விலை ஏறியிருந்தது என்றும் பின்னர் மெல்லச் சொன்னார்.

பொறியாளர் அதோடு விடவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். சமையலறைக்குப் பின்னே என் மனைவி ஆசையோடு வளர்க்கும் வாழைகளின் முன் நின்றார். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஒரு குழாய் வழியே வாழைப் பாத்திக்குள் விழுந்துகொண்டிருந்தது; பாத்திக்கும் கடைக்காலுக்கும் இரண்டடிகூட இல்லை. “இது யார் வேலை?” என்று கேட்டார். என் வேலை என்றேன். ஆண்டு முழுவதும் அந்த மூலைக்கு மட்டும் நீர் ஊட்டி, மற்றப் பக்கங்களைக் காய விட்டிருக்கிறேன். கூரை நீரை வெளியேற்றும் குழாயும் சுவரடியிலேயே கொட்டியது.

அவர் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சீர்செய்யும் செலவு 2,60,000 ரூபாய். அதில் 1,70,000 ஒப்பந்தக்காரர் பொறுப்பு. 90,000 என் பொறுப்பு. பாதியைப் பணமாகவும் மீதியை வேலையாகவும் அவர் தரலாம். பங்குத்தந்தை சாட்சிக் கையெழுத்திட்டார். வேலை 2018 சனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. தெற்குக் கடைக்காலைச் சிறு சிறு பகுதிகளாக அடியில் தோண்டி ஆழப்படுத்தினார்கள். வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் இட்டு, மழைநீர் சுவரருகே இறங்காமல் செய்தார்கள். வெடிப்பின் குறுக்கே கம்பிகள் வைத்துத் தைத்தார்கள். வாழைகள் போயின, என் மனைவி அதற்காக ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சமாதானம் பகிரும்போது முன்பக்கம் பார்க்கத் தொடங்கியது அந்தத் தவக்காலத்தில்தான். முதல் வாரம் இருவருக்கும் கை சரியாகக் குவியவில்லை.

மார்ச்சு இறுதியில் பதித்த முதல் கண்ணாடி 2019 மே மாதம் உடைந்தது. இரண்டாவது 2021 சனவரி மழைக்குப் பின் உடைந்தது. ஆனால் வெடிப்பு நூலளவுதான் இருந்தது. மூன்றாவது துண்டில் 2021 பிப்ரவரி என்று எழுதியிருக்கிறது. அது இதுவரை உடையவில்லை. கிறிஸ்து பிறப்புக்கும் மூன்று அரசர் திருநாளுக்கும் இடைப்பட்ட ஏதாவதொரு நாளில் அவர் கேக்குப் பொட்டலத்தோடு வருவார். பொட்டலத்தைக் கொடுக்குமுன் நேரே தெற்கறைக்குப் போய், கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கண்ணாடியைப் பார்ப்பார். சென்ற முறை என் ஞானமகனும் உடன் வந்திருந்தான். கட்டடப் பொறியியல் முடித்து இப்போது தந்தையோடு வேலை பார்க்கிறான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வேலை எடுப்பதில்லை என்று சொன்னான். அவர் விளக்கை அணைத்துவிட்டு, “நிக்குது சார்” என்றார்.

ஒப்புக்கொண்ட தொகையில் 6,000 ரூபாய் இன்னும் அவர் தர வேண்டியிருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை. நாட்குறிப்பில் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் எழுதி வைக்கிறேன்.